அம்மாவின் காலைப் பயிற்சியும் பிரஷர் மாத்திரையும்

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. அப்பா காலமான பிறகு தஞ்சாவூரிலிருந்து வந்து, சிங்கப்பூர் தோ பாயோவில் எங்களோடு இருக்கிறார். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தினமும் காலை ஏழு மணிக்குச் சீனப் பெண்கள் சிலர் கையை உயர்த்தி, இடுப்பைத் திருப்பி, மெதுவாக ஏதோ பயிற்சி செய்வார்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி கூப்பிட்டதால் அம்மாவும் ஐந்து மாதமாகப் போகிறார். அதற்கு ‘சி கோங்’ என்று பெயராம். முகம் தெளிந்திருக்கிறது, தூக்கமும் நன்றாக வருகிறது. ஆனால் இது வேறு மதத்து வழிபாடோ என்று ஊரிலிருக்கும் அத்தை கேட்கிறார். காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொண்டுபோய்க் கொடுத்ததுதானே என்கிறார் என் கணவர். இது எங்கிருந்து வந்தது, எதற்காகச் செய்கிறார்கள்? இன்னொன்று: எட்டு வகைப் பயிற்சியையும் விடாமல் செய்தால் எல்லா நோயும் போய்விடும் என்று அங்கே சொன்னார்களாம். அம்மா ஒரு மாதமாகப் பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறார். நேற்றுதான் எனக்குத் தெரிந்தது. என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது காத்திருக்காது. இன்றே அம்மா வழக்கமாகப் போகும் பாலிகிளினிக்கைக் கூப்பிட்டு, ஒரு மாதமாக ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட்டிருக்கிறார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று அட்டையைப் பார்த்துப் படித்துக் காட்டுங்கள். சில பிரஷர் மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் அழுத்தம் முன்பு இருந்ததைவிட மேலே தாவும். எப்படித் தொடர்வது என்பதை மருத்துவர் சொல்வார். நான் பிசியோதெரபிஸ்ட், மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லும் இடத்தில் நான் இல்லை. அம்மாவும் இல்லை, அந்தப் பயிற்சிக் குழுவும் இல்லை.

பயிற்சியை நிறுத்த வேண்டாம். இதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் நீங்கள் ‘இனிமேல் கீழே போகக் கூடாது’ என்று சொல்லிவிடுவீர்களோ என்பதுதான் என் பயம்.

சரி, இனி அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். வரலாறு தெரிந்தால், மாத்திரை விஷயத்தில் அம்மாவிடம் என்ன பேசுவது என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

‘சி’ என்ற சொல்லைச் சீனர்கள் பழைய முறையில் எழுதும்போது அந்த எழுத்துக்குள் இரண்டு துண்டுகள் இருக்கும். மேலே ஆவி, கீழே அரிசி. சோறு கொதிக்கும் பானையின் மேல் எழும்பும் ஆவியை நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சு, காற்று, ஆவி, உடம்பை ஓட்டும் சக்தி எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். ‘கோங்’ என்றால் உழைத்துப் பழகிப் பெறும் திறமை. மூச்சோடும் உயிர்ச்சக்தியோடும் பழகுகிற பழக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பழக்கம் மிகப் பழையது, ஆனால் இந்தப் பெயர் இன்றைய பொருளில் புழங்கத் தொடங்கியது 1949-ஐ ஒட்டித்தான். அதற்கு முன்னால் இதன் பழைய பெயர் ‘தாவோயின்’. வழிநடத்துவது, நீட்டி இழுப்பது என்று பொருள். மூச்சை வழிநடத்தி, கைகால்களை நீட்டுவது. ‘தாவோ’ என்ற சீனத் தத்துவ மரபின் பழைய நூலான சுவாங்ஸியிலேயே இதைச் செய்கிறவர்களைப் பற்றிப் பேச்சு வருகிறது: பழைய மூச்சை வெளியே விட்டுப் புதியதை உள்ளே வாங்கி, கரடியைப் போலத் தொங்கி, பறவையைப் போல உடலை நீட்டி, நீண்ட ஆயுளை நாடுகிறவர்கள் என்று.

கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சியும் இருக்கிறது. சீனாவின் ஹுனான் மாநிலத்தில் சாங்ஷா நகருக்குப் பக்கத்தில் மவாங்துவேய் என்ற இடத்தில் ஹான் காலத்துக் குடும்பம் ஒன்றின் மூன்று கல்லறைகளைத் தோண்டினார்கள். கி.மு. 168-இல் மூடப்பட்ட மூன்றாம் கல்லறையிலிருந்து 1973-இல் ஒரு பட்டுத்துணி கிடைத்தது. நாலு வரிசையாக 44 மனிதர்கள் அதில் வரையப்பட்டிருக்கிறார்கள். ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. சிலர் முழு உடையோடு, சிலர் மேல்சட்டை இல்லாமல். ஒருவர் குனிந்து, கையில் ஒரு கோலைப் பிடித்திருக்கிறார். அதன் பெயர் ‘கோலால் யின்னையும் யாங்கையும் இணைப்பது’. இன்னொருவர் கரடி நடை நடக்கிறார். ஒரு படத்தின் பக்கத்தில் முழங்கால் வலிக்கானது என்ற குறிப்பு, இன்னொன்றில் காது கேளாமைக்கானது என்ற குறிப்பு. என் வேலை முழங்கால் வலியோடு வருகிறவர்களைப் பார்ப்பது. 2,100 ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஒருவர் முழங்கால் வலிக்காரருக்காக உட்கார்ந்து படம் போட்டிருக்கிறார் என்பதை முதல்முறை படித்தபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது. நாங்களும் இன்றைக்கு நோயாளி கையில் படம் போட்ட தாளைத்தான் கொடுத்து அனுப்புகிறோம்.

அதே இடத்தின் முதலாம் கல்லறையில், 1972-இல், அந்தக் குடும்பத்தின் சீமாட்டியின் உடல் அழுகாமல் அப்படியே கிடைத்தது. மூன்றாம் கல்லறைக்காரர் அவருடைய மகன் என்று கருதுகிறார்கள். மருத்துவர்கள் அந்த உடலைச் சோதித்தபோது இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் கடுமையான அடைப்பு இருந்தது, பித்தப்பையில் கற்கள் இருந்தன, வயிற்றில் முலாம்பழ விதைகள் ஜீரணமாகாமல் கிடந்தன. வயது ஐம்பது போல. பயிற்சிப் படத்தைப் பட்டில் எழுதிவைத்துப் போற்றிய வீட்டில்தான் அந்தத் தாயின் இதயக்குழாய்கள் அப்படி அடைத்திருந்தன. அவருக்குக் கொடுக்க அந்தக் காலத்தில் பிரஷர் மாத்திரை கிடையாது. உங்கள் அம்மாவுக்கு இரண்டும் கையில் இருக்கிறது, பயிற்சியும் மாத்திரையும். இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். நான் என்னிடம் வரும் பெரியவர்களிடம் சொல்வதுண்டு. அறிவுரையைவிட இது நன்றாக ஏறுகிறது.

இப்போது உங்கள் கணவரின் கேள்வி. போதிதர்மர் சீனாவுக்கு வந்ததாகச் சொல்லப்படுவது கி.பி. 5, 6-ஆம் நூற்றாண்டுகளில். மவாங்துவேய்ப் பட்டுத்துணி அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. ஆகவே இந்தப் பழக்கத்தை அவர் கொண்டுபோனார் என்பது பொருந்தாது. அவரைப் பற்றிய பழைய குறிப்புகளிலும் உடற்பயிற்சி பற்றி ஒன்றும் இல்லை. 547-ஐ ஒட்டி எழுதப்பட்ட லோயாங் நகரத்துக் கோயில்களைப் பற்றிய நூல், அவரைப் பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்கிறது. இன்னொரு பழைய குறிப்பு, தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. இரண்டிலும் காஞ்சிபுரத்தின் பெயர் இல்லை. அப்புறம் எப்படி அவர் பெயர் இதில் ஒட்டிக்கொண்டது? ‘இஜின்ஜிங்’ என்று தசைநாண்களை மாற்றும் பயிற்சி நூல் ஒன்று உண்டு. அதன் முன்னுரை, நூலைத் தந்தவர் போதிதர்மர் என்றும், தான் 628-இல் எழுதப்பட்டதாகவும் சொல்லிக்கொள்கிறது. ஆராய்ந்து பார்த்தவர்கள் அந்த முன்னுரை போலி, நூல் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று காட்டிவிட்டார்கள். பெரிய பெயரை முன்னால் வைத்தால் நூலுக்கு மதிப்புக் கூடும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். கணவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். தென்னாட்டிலிருந்து போன ஒரு துறவியைச் சீனர்கள் ஜென் மரபின் முதல் ஆசானாகக் கொண்டாடுகிறார்கள் என்ற பெருமை நமக்கு அப்படியே இருக்கிறது. இந்தப் பயிற்சி அவர்களுடையது.

உங்கள் அம்மா செய்வது எட்டு வகை என்று எழுதியிருக்கிறீர்கள். கையை உயர்த்துவது, இடுப்பைத் திருப்புவது எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அது ‘பாதுவான்ஜின்’ ஆகத்தான் இருக்க வேண்டும். எட்டுத் துண்டுச் சரிகைப் பட்டு என்று பொருள். நெய்த பட்டைப் போல ஒன்றோடு ஒன்று இழையோடும் எட்டு அசைவுகள். யுவே ஃபேய் என்ற தளபதி தன் வீரர்களுக்காக உருவாக்கினார் என்று சொல்வார்கள். ஆனால் சோங் காலத்து எழுத்தாளர் ஹோங் மாய், 1117-இல் ஓர் அதிகாரி நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து மூச்சுப் பழகி, உடம்பைத் தேய்த்துவிட்டுப் ‘பாதுவான்ஜின்’ என்பதைச் செய்தார் என்று எழுதியிருக்கிறார். அந்த ஆண்டில் யுவே ஃபேய்க்குப் பதினான்கு வயதுதான். அந்த அதிகாரி உட்கார்ந்து செய்தது, உங்கள் அம்மா நின்று செய்வது. இரண்டு வகையும் உண்டு.

இந்த எட்டுக்கும் ஒரு பாட்டு இருக்கிறது. ஒவ்வோர் அசைவுக்கும் ஏழு எழுத்துள்ள ஒரு வரி. ‘இரு கையால் வானத்தைத் தாங்கு’ என்று தொடங்கும். இரண்டாவது, இடமும் வலமும் வில்லை வளைத்துக் கழுகை எய்வது போல. மூன்றாவதில் ஒரு கை மேலே, ஒரு கை கீழே, அது வயிற்றுக்கு. நான்காவதில் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது. ஐந்தாவது, தலையை ஆட்டி வாலை அசைத்து இதயத்தின் நெருப்பைப் போக்குவது. ஆறாவதில் குனிந்து பாதத்தைப் பிடிப்பது. ஏழாவதில் கை முஷ்டியை இறுக்கிக் கண்ணை உருட்டி விழிப்பது. எட்டாவது இப்படி முடியும்: ‘குதிகாலை ஏழுமுறை உயர்த்தி இறக்கினால் நூறு நோயும் அகலும்’.

பாருங்கள், ‘எல்லா நோயும் போய்விடும்’ என்ற பேச்சு இந்த வரியிலிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். சீனப் பாட்டில் இருப்பதை ஆன்ட்டி அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லியிருப்பார், அம்மா தனக்குத் தெரிந்த அளவில் புரிந்துகொண்டிருப்பார். யாரும் ஏமாற்ற நினைத்திருக்க மாட்டார்கள். மனப்பாடம் செய்ய வசதியாகக் கட்டிய பாட்டு அது. ‘நூறு நோய்’ என்பது பாட்டில் வரும் எண், மருத்துவச் சீட்டில் வரும் எண் இல்லை.

இதை எதற்காகச் செய்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். சீனர்கள் இதற்கு வைத்திருக்கும் சொல் ‘யாங்ஷெங்’, உயிரைப் பேணி வளர்ப்பது. உடம்பு நன்றாக இருக்கும்போதே அதை நன்றாக வைத்துக்கொள்வது. கி.பி. 208-ஐ ஒட்டி இறந்த ஹுவா தோ என்ற புகழ்பெற்ற மருத்துவர் தன் மாணவர் வூ பூவிடம் சொன்னதாக வரலாற்று நூலில் ஒரு செய்தி இருக்கிறது: உடம்புக்கு உழைப்பு வேண்டும், ஆனால் எல்லை மீறக் கூடாது, திறந்து மூடிக்கொண்டே இருக்கும் கதவின் முளை உளுத்துப்போகாது. புலி, மான், கரடி, குரங்கு, பறவை என்று ஐந்து விலங்குகளின் அசைவுகளை வைத்து அவர் ஒரு பயிற்சியும் கற்றுத் தந்தார். உடம்புக்கு ஒருமாதிரி இருந்தால் எழுந்து அதில் ஒன்றைச் செய், லேசாக வியர்க்கும், உடம்பு இலேசாகும், பசி எடுக்கும் என்றார். மாணவர் 90 வயதைத் தாண்டியும் கண், காது, பல் எல்லாம் நன்றாக வைத்திருந்தாராம். அதே ஹுவா தோ நோயாளிகளுக்கு மருந்தும் கொடுத்தார், ஊசியும் குத்தினார், அறுவையும் செய்தார் என்று அதே வரலாற்று நூல் சொல்கிறது. பயிற்சியைச் சொல்லிக்கொடுத்ததற்காக அவர் மருந்துப் பெட்டியை மூடிவைக்கவில்லை.

அத்தையின் கவலைக்கு வருகிறேன். தாவோ துறவிகள், பௌத்தர்கள், கன்பூசியப் படிப்பாளிகள், மருத்துவர்கள் என்று எல்லோரும் இதைச் செய்திருக்கிறார்கள். தாவோ மடங்களில் இதற்கு ஆன்மிக நோக்கமும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பூங்காவிலும் கீழ்த்தளத்திலும் நடப்பது வேறு. 1940-களின் கடைசியில் ஹெபெய் மாநிலத்தைச் சேர்ந்த லியூ குய்ஜென் என்ற கம்யூனிஸ்ட் கட்சி ஊழியர் நாள்பட்ட வயிற்றுப் புண்ணால் அவதிப்பட்டார். ஊரில் ஒரு பெரியவரிடம் மூச்சுப் பயிற்சி கற்று 102 நாள் செய்து தேறினார். அதைச் சாமி, மந்திரம், சடங்கு எல்லாவற்றிலிருந்தும் பிரித்து மருத்துவமனைக்குள் கொண்டுவர வேண்டும் என்று கட்சி நினைத்தது. அப்போது தேர்ந்தெடுத்த பெயர்தான் சி கோங். மதத்திலிருந்து பிரிப்பதற்காகவே வைத்த பெயர் அது. 1980-களில் மறுபடி திசை மாறியது. கையை நீட்டிச் சக்தியை அனுப்புகிறேன், தொடாமல் குணமாக்குகிறேன் என்ற ஆசான்கள் பெருகினார்கள், ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியது. 1999-இல் ஃபாலுன் கோங் இயக்கத்தைச் சீன அரசு தடைசெய்தபின், மற்றக் குழுக்கள் மீதும் கட்டுப்பாடு வந்தது. 2003-இல் சீன விளையாட்டுத் துறை பாதுவான்ஜின் உள்பட நான்கு பயிற்சிகளை ஒழுங்குபடுத்தி வெளியிட்டது. இன்று உலகம் முழுவதும் பூங்காக்களில் பெரும்பாலும் பார்ப்பது அந்த வடிவம்தான், 12 நிமிடம் போல ஆகும். அதில் வேண்டுதல் இல்லை, கும்பிடுதல் இல்லை. அம்மா காலையில் விளக்கேற்றிவிட்டுக் கீழே போகலாம்.

அந்தச் ‘சக்தி’ உண்மையா? உள்ளங்கை சூடாவதும், விரல் நுனி துடிப்பதும், மனம் அடங்குவதும் உண்மை, நானே உணர்ந்திருக்கிறேன். மூச்சு நிதானப்படும்போது இரத்தக்குழாய்களின் இறுக்கம் தளர்ந்து கைகால்களுக்கு இரத்தம் நன்றாக ஓடுகிறது. அதைச் சீனர்கள் சி என்று சொன்னார்கள். உடலின் நிலை, மூச்சு, மனம் மூன்றையும் ஒருசேர ஒழுங்குபடுத்து என்பது அவர்களுடைய பாடம். ஒன்று விட்டாலும் அது வெறும் கையசைப்பு. பெரியவர்களுக்கு நான் இதைச் சொல்லிக்கொடுப்பதற்கு முக்கியக் காரணம் கால்தான். முழங்காலைச் சற்றே மடக்கி, எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மெதுவாக மாற்றும்போது, கீழே விழாமல் நிற்பதற்கான பயிற்சி உடம்புக்குக் கிடைக்கிறது.

பிரஷருக்கும் ஓரளவு உதவும். இதன் உறவுக்காரப் பயிற்சியான தாய்ச்சியை 342 பேரிடம் ஓராண்டு செய்து பார்த்த சீன ஆய்வு ஒன்று 2024-இல் வெளிவந்தது. மேல் அளவு சராசரியாக 7 புள்ளி இறங்கியது, வேகநடை போன்ற பயிற்சி செய்தவர்களுக்கு 5-க்குச் சற்றுக் குறைவாக இறங்கியது. நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் பிரஷர் நோயின் எல்லைக்குச் சற்று வெளியே நின்றவர்கள், மாத்திரை போடுகிறவர்கள் அல்ல. வாரம் நான்கு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் செய்தார்கள். ஏழு புள்ளி என்பது மாத்திரையோடு சேர்ந்து உழைக்கும் ஏழு.

அம்மா செய்யும்போது சிலவற்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். மூச்சை எங்கேயும் அடக்கக் கூடாது, முக்கியமாக கை முஷ்டியை இறுக்கும்போது. ஐந்தாவதிலும் ஆறாவதிலும் தலை இதயத்துக்குக் கீழே போகும் அளவுக்குக் குனிய வேண்டாம். கை முழங்காலைத் தொட்டால் போதும், நிமிரும்போது மெதுவாக நிமிர வேண்டும். மாத்திரை போடுகிறவர்களுக்குச் சட்டென்று நிமிர்ந்தால் தலை சுற்றும், அங்கேதான் விழுவார்கள். எலும்பு மெலிந்து பலவீனமாக இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் ஆறாவதை விட்டே விடலாம். எட்டாவதில் தூணையோ நாற்காலியின் முதுகையோ ஒரு விரலால் தொட்டபடி குதிகாலை உயர்த்தட்டும். தொம் தொம் என்று போடாமல், தூங்கும் குழந்தையைப் பாயில் கிடத்துவது போல இறக்கட்டும். நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், கண் இருட்டுவது எது வந்தாலும் அன்றைக்கு அதோடு உட்கார்ந்துவிட வேண்டும், உங்களிடம் சொல்ல வேண்டும்.

வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி ஒன்று வாங்குங்கள், மேல் கையில் கட்டுவது. காலையில் கீழே போவதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு ஒரு தடவை, இரவில் ஒரு தடவை. பேரப்பிள்ளை எழுதத் தெரிந்தவன் என்றால் நோட்டில் எழுதும் வேலையை அவனிடம் கொடுத்துவிடுங்கள், பாட்டி மறக்கமாட்டார். அளவு தொடர்ந்து இறங்கினால் மாத்திரையைக் குறைக்கலாமா என்று மருத்துவரே பார்த்துச் சொல்வார். அம்மா ஆசைப்படுவது அதற்குத்தானே? அதற்கு வழி அந்த நோட்டுதான் என்று சொல்லுங்கள். ஒளித்து விடுகிற மாத்திரையால் அளவு எது உண்மை என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

திட்ட வேண்டாம். அப்பா போனபின் புது ஊரில், மொழி தெரியாத பெண்கள் நடுவில், அவர் தானே தேடிக்கொண்ட இடம் அது. மாத்திரையை விட்டதிலும் ‘உங்களுக்கெல்லாம் பாரமாக இருக்கக் கூடாது’ என்ற எண்ணம் இருந்திருக்கலாம், கேட்டுப்பாருங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்களும் கூடப் போய்ப் பின்வரிசையில் நில்லுங்கள். முடிந்ததும் ஆன்ட்டியிடம், அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது, மாத்திரை தொடர வேண்டும் என்று நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள். அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு நோட்டோடு போங்கள். எட்டு அசைவில் எது அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, எது முழங்காலைப் பிடிக்கிறது என்று எனக்கு எழுதுங்கள், அதற்கேற்ப மாற்றிச் சொல்கிறேன்.